ஏழாம் பலகையில் விழுந்த ஆலங்கட்டி

மெக்சிகோ நகரம்
4 மே 1997

அன்புள்ள அக்கா எர்லிண்டாவுக்கு,

இதனால் சகலமானவர்களுக்கும், குறிப்பாக ஹலாப்பாவின் ஓயாத தூறலில் குடையும் கையுமாக அலையும் வானிலை மாணவிக்கும் அறிவிப்பது யாதெனில்: நேற்றுக் காலை பத்தரை மணிக்கு, ஆறாம் எண் பலகையின் மீது, விதவை புருதென்சியா அம்மாளின் பூனை மூன்று குட்டிகளை ஈன்றது. தாயும் சேய்களும் நலம். பலகை நலமில்லை. இதையொட்டி அந்த மொட்டைமாடியில் அரைநாள் துக்கம் அனுசரிக்கப்பட்டது.

ஈஸ்டர் விடுமுறைக்கு வந்த நீ, ஒன்பது வீட்டு மாடிகளில் ஒன்பது தெர்மாகோல் பலகைகளை அலுமினியத் தாள் சுற்றி வைத்தாய். "கல்லு விழுந்தா தாள்ல பள்ளம் விழும். பள்ளத்த அளந்தா கல்லோட அளவு தெரியும். அவ்வளவுதான்டா" என்று சொல்லிவிட்டு, அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு பேருந்து ஏறிவிட்டாய். பூனை விழுந்தால் என்ன தெரியும் என்று சொல்லவில்லை. நானே அளந்தேன். நாற்பத்திரண்டு சென்டிமீட்டர், வால் நீங்கலாக.

போன மாதம் இருபத்தொன்பதாம் தேதி விழுந்த கல் பட்டாணி அளவுதான். மற்ற எட்டுப் பலகைகளையும் தேதி எழுதிப் பார்சல் போட்டுவிட்டேன். ஆலங்கட்டியைக் கட்டி அனுப்பும் கெட்டிக்காரன் இந்தப் பேட்டையிலேயே நான் ஒருவன்தான்.

அப்பா இன்னும் உன் பெயரைச் சொல்வதில்லை. "அந்தப் பனிக்கட்டி" என்கிறார். நேற்று யார் வீட்டுக் குழாயையோ முடுக்கிக்கொண்டே, "அந்தப் பனிக்கட்டி நேரத்துக்குச் சாப்பிடுதான்னு கேளு" என்றார். கேட்டுவிட்டேன்.

அம்மா வழக்கம்போல செவ்வாயும் சனியும் சந்தையில் கள்ளி மடல் விற்கிறாள். ஆனால் சந்தைத் தெருவில் சாக்கடைக் குழாய் போடத் தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். மூன்று மாதத்துக்கு வேறு தெருவுக்குப் போக வேண்டும். மேலே கிணற்றுத் தெருவா, கீழே பள்ளிக்கூடத் தெருவா என்று அறுபது கடைக்காரர்களும் அடித்துக்கொள்கிறார்கள். தோண்டியவர்கள் முதல் நாளே நாம் பேசும் மருந்துக்கடைத் தொலைபேசியின் கம்பியை வெட்டிவிட்டார்கள். அதனால் இனி என் குரலைக் கேட்காமல் என் எழுத்தைத்தான் நீ சகித்துக்கொள்ள வேண்டும்.

உன் ஆலங்கட்டிக் காரியதரிசி,
செவெரோ


ஹலாப்பா
11 மே 1997

செவெரோவுக்கு,

பூனை நன்றாக இருக்கட்டும். ஆறாம் பலகைக்கு இன்றைக்கே புதுத் தாள் சுற்று.

எட்டுப் பலகைகளும் வந்தன. பேராசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கொட்டாவி விட்டார். "இது ஆலங்கட்டியாம்மா, இல்ல அம்மைத் தழும்பா?" என்றார். பக்கத்தில் இருந்த பையன்கள் சிரித்தார்கள். அவர்களெல்லாம் ஆராய்ச்சிக் கருவியோடு மலைக்குப் போகிறவர்கள். என்னிடம் தெர்மாகோலும் நீயும்தான்.

விளையாட்டை ஒதுக்கிவைத்துவிட்டு இதைப் படி. ஜூன் கடைசிக்குள் என் அறிக்கையை ஒப்படைக்க வேண்டும். அதில் ஒன்றும் இல்லையென்றால் பட்டம் கிடைக்காது. அப்பா சொன்னது உன் காதிலும்தான் விழுந்தது: "இந்த மழைக்காலத்தோட முடியலன்னா வந்து உங்கம்மா கூட முள்ளு சீவு." அவர் சொன்னால் சொன்னதுதான்.

இன்னொன்று. சந்தைக் குழுத் தலைவர் தோன் அபுந்தியோ எனக்கு எழுதியிருக்கிறார். எந்தத் தெருவில் ஆலங்கட்டி குறைவாக விழும் என்று உன் பலகையைப் பார்த்துச் சொல்லம்மா, அங்கேயே போய்விடுகிறோம் என்கிறார். முதல்முறையாக ஒருவர் என் படிப்பை நம்பிக் கேட்கிறார். அம்மாவின் கடையும் அந்த அறுபதில் ஒன்று.

அதனால் பலகையைத் தொடாதே. கல் விழுந்தபின் மாற்று, தேதி எழுது, அனுப்பு. வேறு எதுவும் செய்யாதே.

அப்பாவிடம் சாப்பிடுகிறேன் என்று சொல்.

எர்லிண்டா


மெக்சிகோ நகரம்
17 மே 1997

அக்கா,

வந்தது. பதின்மூன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை, மாலை நாலே கால் மணிக்கு மலைப் பக்கமிருந்து கறுப்பாக இறங்கி, பன்னிரண்டு நிமிடம் அடித்துவிட்டுப் போனது. ஒன்பது பலகைகளையும் அனுப்பியிருக்கிறேன். ஏழாம் எண்ணை முதலில் பிரித்துப் பார். கிணற்றுத் தெருத் தையல்காரர் பிலெமோன் வீட்டு மாடிப் பலகை அது. அதைப் பார்த்தால் உன் பேராசிரியர் கொட்டாவியைப் பாதியிலேயே விழுங்கிவிடுவார்.

நான் சும்மா இருக்கவில்லை. கல் விழும்போதே தலையில் அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டு மாடி மாடியாக ஏறினேன். பார்த்தவர்கள், "அண்டா நடந்து போவுது பாரு" என்றார்கள். அண்டசராசரமே நடுங்கும்போது அண்டா நடந்தால் என்ன?

தோன் அபுந்தியோ தன் பீங்கான் தட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார். "ஏலே, உங்கக்கா என்ன சொல்லுது? மேலத் தெருவா, கீழத் தெருவா?"

"பலகை பேசும் ஐயா, பொறுங்க."

"பலகை பேசட்டும். நீ பேசாம இரு. போன மாசம் வரிக்காரன் வாரான்னு கத்தி அறுபது கடையயும் மூட வச்ச பய நீ."

அந்த விஷயத்தில் எனக்கு வரலாற்றில் இடம் உண்டு என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார், பார்த்தாயா.

உன் செவெரோ


ஹலாப்பா
25 மே 1997

டேய் செவெரோ,

ஏழாம் பலகையைப் பிரித்ததும் விளக்கடியில் கொண்டுபோய் எண்ணினேன். நாற்பத்தொரு பள்ளம், ஒவ்வொன்றும் நெல்லிக்காய் அளவு. அதே நாளில் பள்ளிக்கூடத் தெருப் பலகைகளில் சின்னச் சின்னப் புள்ளிகள்தான். பேராசிரியர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து பார்த்தார். "ஒரே பேட்டைக்குள்ள இவ்வளவு வித்தியாசமா? இத வச்சே அறிக்கைய எழுதும்மா" என்றார். சிரித்த பையன்களில் ஒருவன் எனக்குக் காப்பி வாங்கித் தந்தான்.

தோன் அபுந்தியோவுக்கு அன்றைக்கே எழுதிப் போட்டுவிட்டேன்: கிணற்றுத் தெரு வேண்டாம், பள்ளிக்கூடத் தெருவுக்குப் போங்கள்.

ஒரு சந்தேகம் மட்டும். அன்றைக்குக் காற்று மேற்கிலிருந்து அடித்திருக்கிறது. மற்ற எட்டுப் பலகைகளிலும் பள்ளங்கள் கிழக்கு நோக்கிச் சாய்ந்து நீண்டிருக்கின்றன. ஏழில் மட்டும் நேர் செங்குத்து. பிலெமோன் வீட்டு மாடியில் காற்றை மறைக்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா? தண்ணீர்த் தொட்டி, சுவர்? பார்த்து உடனே எழுது.

அக்கா


மெக்சிகோ நகரம்
2 ஜூன் 1997

அக்கா,

பிலெமோன் வீட்டு மாடியில் ஒரு தொட்டி இருக்கிறது. சுவரும் இருக்கிறது. கொடியில் அவருடைய உள்ளாடைகளும் இருக்கின்றன, அவை எந்தப் புயலையும் தடுக்கும். தொட்டி சின்னதுதான். சுவர் முழங்கால் உயரம். உள்ளாடைதான் பெரிது.

முந்தாநாள் சனிக்கிழமை முதல் சந்தை பள்ளிக்கூடத் தெருவில்தான். தெருவின் அடிக்கோடியில், பள்ளிச் சுவரை ஒட்டி, அம்மாவுக்குக் கடைசி இடம் விழுந்தது. நிழல் நன்றாக இருக்கிறது என்கிறாள். எல்லோரும் உன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள். முட்டைக்காரர் அம்மாவிடம், "உம் பொண்ணு படிச்சதுக்கு என் முட்டை பொழச்சுது" என்றார். அம்மாவுக்கு அன்று முழுக்க முகம் மலர்ந்திருந்தது. அப்பாகூட ஒரு சுற்று வந்து, கம்பங்களைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பரவால்ல, பனிக்கட்டி ஏதோ கணக்கு போட்டுத்தான் சொல்லியிருக்கு" என்றார்.

சும்மா கேட்கிறேன்: ஒன்பதில் ஒரு பலகை சரியில்லை என்றால் உன் அறிக்கை என்ன ஆகும்? சும்மாதான். பூனை மறுபடியும் ஏறினால் என்ன செய்வது என்று கேட்கிறேன்.

தோன் அபுந்தியோவிடமும் சும்மா சொல்லிப் பார்த்தேன். "ஐயா, கிணத்துத் தெருவே நல்லா இருக்குமோன்னு தோணுது."

அவர் தட்டைத் துடைத்துக்கொண்டே, "யாருக்கு? உனக்கா, வரிக்காரனுக்கா?" என்றார். சுற்றி இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த இடத்தில் வேறென்ன செய்வது?

வானம் தினமும் மூன்று மணிக்குக் கறுக்கிறது. வானிலை சரியில்லை. என் நிலையும்.

செவெரோ


ஹலாப்பா
8 ஜூன் 1997

செவெரோ,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பூனை என்று எழுதியிருக்கிறாய். பூனை இல்லை.

ஏழாம் பலகையின் நாற்பத்தொரு பள்ளங்களையும் ஒவ்வொன்றாக அளந்தேன். நாற்பத்தொன்றும் ஒரே அளவு. மயிரிழை வித்தியாசம் இல்லை. ஆலங்கட்டி அப்படி விழாது. ஒரே மழையில் கடுகும் விழும், கடலையும் விழும், நெல்லிக்காயும் விழும். வானம் ஒன்றும் கோலிக்குண்டு செய்கிற பட்டறை இல்லை.

ஏழை எடுத்துவிட்டு மற்ற எட்டையும் வரைபடத்தில் வைத்துப் பார்த்தேன். ஏப்ரல், மே, இரண்டு மழையும் ஒரே கதையைத்தான் சொல்கின்றன. மேகம் மலையிலிருந்து பெரிய ஓடை வழியாக இறங்குகிறது. கீழே வர வர கல் நெருக்கமாகிறது. நெருக்கம் அதிகமாகி முடிகிற இடம் பள்ளிக்கூடத் தெரு. இரண்டு முறையும் சின்னக் கல் என்பதால் யாருக்கும் உறைக்கவில்லை. பெரிதாக ஒன்று வந்தால் அங்கேதான் வந்து கொட்டும். நான் அறுபது கடைகளையும் அதன் வாய்க்குள் அனுப்பி வைத்திருக்கிறேன்.

இது என் ஊகம் மட்டும்தான். எட்டுப் பலகை, இரண்டு மழை. இதை வைத்து இன்னொரு தடவை அவர்களைக் கிளப்பி, அதுவும் தப்பென்றால் இனி ஒருவரும் என்னை நம்ப மாட்டார்கள். அதனால் உன்னைக் கேட்கிறேன். ஏழாம் பலகையில் உன் கை பட்டதா இல்லையா? கடிதம் வேண்டாம். தபால் நிலையத்துக்குப் போய் ஒரே ஒரு சொல்லில் தந்தி அடி. ஆமாம், அல்லது இல்லை. ஆமாம் என்றால் அடுத்த நிமிடம் தோன் அபுந்தியோவுக்கு நான் தந்தி அடிக்கிறேன்.

திட்ட மாட்டேன். தந்தி மட்டும் அடி.

எர்லிண்டா


மெக்சிகோ நகரம்
15 ஜூன் 1997

அக்கா,

எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். அதை முதலில் எழுதிவிடுகிறேன். அம்மாவுக்கு இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. கட்டுப் போட்டிருக்கிறார்கள். வலிக்கவில்லை என்று அவள் சொல்கிற விதத்திலேயே வலி தெரிகிறது.

நேற்று சனிக்கிழமை, நாலு மணிக்கு வந்தது. இருபது நிமிடம். நெல்லிக்காயும் இருந்தது, எலுமிச்சையும் இருந்தது. நீ சொன்னபடி எல்லா அளவிலும் இருந்தது.

நம் சந்தை வழக்கம் உனக்குத் தெரியும். அறுபது தார்ப்பாயும் ஒரே நெடுங்கயிற்றில் கோத்தவை. தன் கூரையில் தேங்கினால் கீழே நின்று துடைப்பக் கட்டையால் முட்டிப் பக்கத்துக் கூரைக்குத் தள்ளுவார்கள். அவர் அடுத்தவருக்குத் தள்ளுவார். தண்ணீருக்கு அது சரி, கடைசியில் தெருவோரம் வழிந்துவிடும். கல் வழியுமா? மேட்டிலிருந்து ஒவ்வொருவரும், "போவுது பாரு, போவுது பாரு" என்று தள்ளத் தள்ள, அறுபது கூரைப் பனியும் உருண்டு உருண்டு அடிக்கோடிக்கு வந்து சேர்ந்தது. அங்கே பள்ளிச் சுவர். அங்கே அம்மா. முட்டைக்காரரும், கைக்குழந்தையோடு சோள ரொட்டிக்காரியும் நம் கூரைக்கு அடியில்தான் ஒதுங்கியிருந்தார்கள். தார்ப்பாய் சினைப்பசுவின் வயிறு மாதிரித் தொங்கியது. கம்பங்கள் முனகின. மேலே இருந்தவர்கள் விஷயம் தெரியாமல் இன்னும் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான், அக்கா, உன் தம்பி களத்தில் குதித்தான். மேசை மீது ஒரே தாவு. அம்மாவின் கத்தியை எடுத்தேன். பொதுக் கயிற்றில் கத்தி வைப்பவனுக்குச் சந்தையில் இடமில்லை என்பது சட்டம். சட்டம் கிடக்கட்டும் என்று ஒரே வீச்சு. கயிறு அறுந்தது. கூரை பள்ளிச் சுவர்ப் பக்கமாகச் சரிந்து, பனி மொத்தமும் மலைபோல வெளியே கொட்டியது. மேல் வரிசைக் கூரைகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்து போயின. தோன் அபுந்தியோவின் தட்டுகள் போயின, முட்டைகள் போயின, ஆள் ஒருவரும் போகவில்லை. ஒரு கம்பம் மட்டும் அம்மாவின் கையில் விழுந்தது.

தெருவில் முழங்கால் அளவு பனி. இன்று காலையிலும் மண்வெட்டியால் அள்ளிக்கொண்டிருக்கிறார்கள். சந்தை முழுக்க என் பேச்சுதான். அப்பா என் தலையில் கை வைத்து, "கயித்த அறுத்தியாமே" என்றார்.

உன் கடிதம் வியாழக்கிழமையே வந்துவிட்டது. தபால் நிலையத்துக்குப் போனேன். தந்தி வரிசையில் எனக்கு முன்னால் நாலு பேர். மூன்று பேர் முடியும்வரை நின்றேன்.

ஆமாம். கோலிக்குண்டுதான். அந்த மழையில் ஏழாம் பலகையிலும் பட்டாணிப் புள்ளிகள்தான் விழுந்திருந்தன. தாளை உரித்துவிட்டு, புதுத் தாள் சுற்றி, ஏணியில் ஏறி ஒரே குண்டை நாற்பத்தொரு தடவை போட்டேன். உன் பேராசிரியர் கொட்டாவி விட்டாரே என்று. அந்தப் பையன்கள் சிரித்தார்களே என்று. தெருவைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

செவெரோ


ஹலாப்பா
21 ஜூன் 1997

செவெரோவுக்கு,

திட்ட மாட்டேன் என்று எழுதியிருந்தேன். அதனால்தான் இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன்.

அறிக்கையைத் திரும்ப வாங்கிவிட்டேன். பேராசிரியரிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். "ஏழு பொய்யின்னா மத்ததும் பொய்யில்லன்னு யாரு சொல்றது?" என்றார். நியாயமான கேள்வி. செப்டம்பர் வரை நேரம் தந்திருக்கிறார். பலகைகளை வேறு ஆள் மாற்ற வேண்டும், ஒவ்வொன்றிலும் வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும். முதல் கையெழுத்து அப்பாவுடையது என்றேன். அவர் போடுவாரா என்று எனக்குத் தெரியாது.

தோன் அபுந்தியோவிடமிருந்து கடிதம் வந்தது. ஞாயிறு இருபத்தொன்பதாம் தேதி குழு கூடுகிறது. என் பேச்சைக் கேட்டுப் போய் நஷ்டப்பட்டவர்கள், நம் அம்மாவின் இடத்தைப் பறிக்க வேண்டும் என்கிறார்களாம். பத்தொன்பது வருடமாக அவள் நிற்கிற இடம்.

நான் சனிக்கிழமைப் பேருந்தில் வருகிறேன். அப்பா கதவைத் திறக்காவிட்டால் புருதென்சியா அம்மாள் வீட்டில் தங்கிக்கொள்கிறேன். கூட்டத்தில் எழுந்து நின்று, தவறு என்னுடையது, பலகையைச் சரிபார்க்காமல் எழுதியது நான் என்று சொல்வேன். பிறகு, இதில் குற்றம் செய்த என் தம்பிதான் கத்தியை எடுத்து எல்லோரையும் காப்பாற்றியவன், அதையும் தராசில் வையுங்கள் என்று கேட்பேன். நம்மிடம் சொல்வதற்கு அது ஒன்றுதான் இருக்கிறது.

உன் மேல் எவ்வளவு கோபம் என்று உனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கத்தியை எடுத்தாயே. அதை நினைத்துத்தான் இதை எழுதவே முடிந்தது.

எர்லிண்டா


மெக்சிகோ நகரம்
26 ஜூன் 1997

அக்கா,

தபாலை நம்பாமல் ஹலாப்பா பேருந்து ஓட்டுநர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ பேருந்து ஏறுவதற்கு முன் இது உன் கைக்கு வந்தாக வேண்டும்.

நேற்று நானே தோன் அபுந்தியோவிடம் போய்க் கோலிக்குண்டு விஷயத்தைச் சொல்லிவிட்டேன். உடையாத தட்டுகளை உடைந்தவற்றிலிருந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"உங்கக்காவுக்குத் தெரியாம செஞ்சியா?"

"ஆமாய்யா."

"கழுதப் பயலே." ஒரு தட்டைத் திருப்பிப் பார்த்தார். விரிசல். தள்ளி வைத்தார். "ஆனா கயித்த அறுத்தது நீதான? அது இருக்கட்டும். அத வச்சுப் பேசிக்கலாம்."

"ஆமாய்யா" என்றேன். வாய் பழகிப்போயிருந்தது.

நீ அதைக் கூட்டத்தில் சொல்லாதே. கயிற்றை அறுத்தது அம்மா.

கல் விழுகிற சத்தம் கேட்டதுமே எனக்கு உன் வரைபடம்தான் நினைவுக்கு வந்தது. நீ சொன்ன மேகம், நீ சொன்ன தெரு. மேசைக்கு அடியில் போய்விட்டேன். தாவவில்லை, தவழ்ந்தேன். முட்டைக்காரரை நெட்டித் தள்ளிவிட்டு அவருக்கு முன்னால் நுழைந்தேன். என் தலைக்கு மேலே மேசைப் பலகையில் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது. இடது கையால் கம்பத்தைத் தாங்கிக்கொண்டு வலது கையால் அறுத்திருக்கிறாள். அறுந்ததும் கம்பத்தின் பாரம் முழுக்க அந்தக் கையில் இறங்கிவிட்டது.

பனி கொட்டிய இரைச்சலில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. நான் வெளியே வந்தபோது கத்தி தரையில் கிடந்தது. எடுத்தேன். அந்த நேரம் பார்த்து ஆட்கள் ஓடி வந்தார்கள். "யாரு அறுத்தது?" என்று கேட்டார்கள். எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். "எம் பையன்தான்" என்றாள். வண்டியில் மருத்துவமனைக்குப் போகும்போது, "கோலிக்குண்டு சமாச்சாரம் எனக்குத் தெரியும்டா, ராத்திரி நீ தூக்கத்துல உளறுனத கேட்டேன். நாளைக்கு எல்லாரும் உன்னய அடிக்க வருவாங்க. அப்ப இது உனக்கு ஆகும், வச்சுக்க" என்றாள். வைத்துக்கொண்டேன். வைத்துக்கொண்டதோடு நிற்காமல் அன்று மாலைக்குள் மேசை மீது தாவினேன், ஒரே வீச்சில் அறுத்தேன் என்று ஜோடித்தும்விட்டேன். கடையில் சொன்னேன், அப்பாவிடம் சொன்னேன், உனக்கும் எழுதினேன்.

அவள் இடத்தைத்தான் பறிக்கப் போகிறார்கள். அவள்தான் அவர்களைக் காப்பாற்றினாள் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா? பொதுக் கயிற்றில் கை வைத்தாள் என்று சட்டம் பேசுகிறவர்கள் பேசட்டும். சோள ரொட்டிக்காரி குழந்தையோடு வந்து நிற்பாள், கேட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை நானே எழுந்து சொல்கிறேன். நீ பக்கத்தில் நின்றால் போதும்.

அப்பாவிடம் இன்று காலையில் சொன்னேன். கன்னத்தில் ஒன்று விழுந்தது, அது நெல்லிக்காய் அளவு இல்லை, பெரிது. பிறகு அம்மாவின் கட்டுப் போட்ட கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "அந்தப் பலகையில எங்க கையெழுத்துப் போடணும்னு எர்லிண்டாவ எழுதச் சொல்லு" என்றார். பெயரைச் சொன்னார், அக்கா.

மேசைக்கு அடியில் நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. கண்ணை இறுக மூடிக்கொண்டு, "அக்கா, அக்கா" என்று அழுதுகொண்டிருந்தேன். முட்டைக்காரர்தான் முதுகைத் தடவிக் கொடுத்தார், இன்றுவரை யாரிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. கூட்டத்தில் மற்ற எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். இதை மட்டும் சொல்ல வேண்டாமே.

செவெரோ